நிக் டிரேக் உயிரோட இருந்தப்ப ஏன் யாரும் கண்டுக்கல?

அடுத்த கேள்வி. ‘நல்ல பாட்டுன்னா தானா ஜனங்ககிட்ட போய்ச் சேர்ந்துடும்னு சொல்றாங்களே, அப்புறம் நிக் டிரேக்கை ஏன் அவர் காலத்துல யாருக்கும் தெரியல?’ன்னு ஒரு நண்பர் கேட்டிருக்கார்.

தானா எல்லாம் போய்ச் சேராதுங்க. யாராவது தூக்கிட்டுப் போகணும்.

தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. நிக் டிரேக் கிட்டார் வாசிச்சுக்கிட்டே தன் பாட்டைத் தானே எழுதிப் பாடின ஆங்கிலேயப் பாடகர். 1948ல ரங்கூன்ல பிறந்தவர், அப்பா அங்க இன்ஜினியர். சின்னப் பிள்ளையா இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்து திரும்பிடுச்சு. கேம்பிரிட்ஜ்ல படிக்கிறப்பவே ஜோ பாய்டுங்கிற தயாரிப்பாளர் கிடைச்சார். 1969ல ‘ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்’, 1971ல ‘பிரைட்டர் லேட்டர்’, 1972ல ‘பிங்க் மூன்’. மூணே ஆல்பம். வந்தப்ப ஒவ்வொண்ணும் 5,000 கூட விக்கல.

அப்பல்லாம் ஆல்பம் விக்கணும்னா ஊர் ஊராப் போய் வாசிக்கணும். அங்கதான் சிக்கல். இவர் பாட்டுக்குப் பாட்டு கிட்டார் கம்பிகளோட சுருதியையே மாத்துவார். அந்த ஒலி வேற யார்கிட்டயும் இல்லாததுக்கு அது பெரிய காரணம். ஆனா மேடையில என்ன ஆகும்? ஒரு பாட்டு முடிஞ்சதும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு கம்பியை முறுக்கிக்கிட்டே இருப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். வந்தவங்க தங்களுக்குள்ள பேச ஆரம்பிச்சிடுவாங்க. அடுத்த பாட்டு அந்தப் பேச்சுக்குள்ளயே அமுங்கிப் போகும். கொஞ்ச நாள்ல மேடை ஏறுறதையே விட்டுட்டார்.

‘பிங்க் மூன்’ பதிவானது 1971 அக்டோபர்ல, லண்டன்ல, ரெண்டே ராத்திரி. ஸ்டுடியோவுல இவரும் ஒலிப்பதிவாளர் ஜான் வுட்டும் மட்டும்தான். குரலும் கிட்டாரும், முதல் பாட்டுல மட்டும் கொஞ்சம் பியானோ. மொத்தமே 28 நிமிஷம். தயவுசெஞ்சு ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க, பக்கத்துல உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கும்.

சோகம்தான் அவரைக் கலைஞனாக்குச்சுன்னு சிலர் பேசுறாங்க. எனக்கு அதுல உடன்பாடே இல்ல. அவருக்கு இருந்தது மன அழுத்த நோய். அது அவர்கிட்ட இருந்து பாட்டைப் பிடுங்கிச்சே தவிர, கொடுக்கல. கடைசி ரெண்டு வருஷத்துல பதிவானது ஒரு கைப்பிடிப் பாட்டுதான். 1974 நவம்பர்ல, அப்பா அம்மா வீட்டுலயே, அந்த நோய்க்குக் கொடுத்த மாத்திரை அளவு மீறி இறந்து போனார். 26 வயசு.

சரி, அப்புறம் யார் தூக்கிட்டுப் போனாங்க? 1999 கடைசியில ஃபோக்ஸ்வாகன் ஒரு கார் விளம்பரத்துல ‘பிங்க் மூன்’ பாட்டைப் போட்டாங்க, அமெரிக்காவுல விற்பனை எகிறிடுச்சு. எல்லாரும் சொல்ற கதை இது. ஆனா எனக்கு முக்கியமாப் படுறது அதுக்கு முன்னாடி நடந்தது. எங்கெங்கிருந்தோ ரசிகர்கள் டான்வொர்த் கிராமத்து வீட்டைத் தேடி வந்து கதவைத் தட்டுவாங்க. அவரோட அப்பாவும் அம்மாவும் அவங்களை உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு, பையன் வீட்டுல பாடிப் பதிஞ்சு வச்ச டேப்பைப் போட்டுக் காட்டுவாங்க. சிலருக்குப் பிரதி எடுத்தும் கொடுத்திருக்காங்க. அந்த விளம்பரம் வந்தப்ப ரெண்டு பேருமே உயிரோட இல்ல.