புது பேட்டரி போட்டும் 40 சதவீதத்திலேயே லேப்டாப் அணைந்துவிடுகிறதே?

அடுத்த கேள்வி குரோம்பேட்டையிலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. அப்படியே படிக்கிறேன். "அண்ணா, என் லேப்டாப்புக்கு ஆறு வயசு. போன மாசம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் புது பேட்டரி வாங்கி நானே மாட்டினேன். 100 காட்டுகிறது, 60 வரை ஒழுங்காக இறங்குகிறது. 40 பக்கம் வந்ததும் பொட்டென்று அணைந்துவிடுகிறது. சார்ஜரைச் செருகி ஆன் செய்தால் 7 சதவீதம் என்கிறது. கடைக்காரர் விண்டோஸை மாற்றிப் போடச் சொல்கிறார். நான் ஏமாந்துவிட்டேனா?"

ஏமாந்தீர்களா இல்லையா என்று இந்த வாரக் கடைசிக்குள் உங்களுக்கே தெரிந்துவிடும் தம்பி. விண்டோஸில் மட்டும் கை வைக்காதீர்கள். அந்தச் சதவீதத்தை விண்டோஸ் அளப்பதில்லை. பேட்டரிக்குள்ளேயே ஒரு சின்ன சிப் இருக்கிறது, அது சொல்வதை வாங்கி மூலையில் காட்டுகிறது, அவ்வளவுதான்.

சரி, அந்தச் சிப்புக்கு எப்படித் தெரிகிறது? நம்ம வீட்டு மொட்டை மாடி டேங்கை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்க்க முடியாது என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆளைக் குழாய் பக்கத்தில் உட்கார வைத்து, உள்ளே எத்தனை குடம் போனது, வெளியே எத்தனை குடம் வந்தது என்று எண்ணச் சொல்கிறோம். சிப் செய்வது இதைத்தான். டேங்க் மொத்தம் எத்தனை குடம் பிடிக்கும் என்பதை அவனுக்கு யாரோ முதலில் சொல்லியிருக்க வேண்டும். அந்த எண் தப்பு என்றால் கணக்கு முழுக்கத் தப்பு. டேங்க் நிரம்பி வழியும்போதும் சுத்தமாக வற்றும்போதும்தான் அவனால் தன் கணக்கைத் திருத்திக்கொள்ள முடியும்.

வோல்டேஜை வைத்துச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். ஒரு லித்தியம் அயான் செல் நிரம்பியிருக்கும்போது 4.2 வோல்ட், காலியாகும்போது 3 வோல்ட் பக்கம். இரண்டு முனையிலும் சட்டென்று மாறும், ஆனால் நடுவில் ரொம்ப நேரம் 3.7 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். அதை மட்டும் பார்த்து 60-ஆ 40-ஆ என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

முதல் வேலை, விண்டோஸில் கட்டளைகளை டைப் செய்யும் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து powercfg /batteryreport என்ற கட்டளையைக் கொடுங்கள். பேட்டரி ரிப்போர்ட் என்று ஒரு பக்கம் வரும். அதில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி, சைக்கிள் கவுன்ட் மூன்றையும் பாருங்கள். முதலாவது பேட்டரி செய்தவர் எழுதி வைத்தது, இரண்டாவது இப்போது இவ்வளவுதான் பிடிக்கிறது என்று சிப் நம்புவது, மூன்றாவது இதுவரை எத்தனை முறை முழுசாகத் தீர்ந்து ஏறியிருக்கிறது என்ற கணக்கு. அந்தப் பக்கத்தை அப்படியே சேமித்து வையுங்கள், பிறகு தேவைப்படும்.

அப்புறம் கேலிப்ரேஷன், அதாவது சிப்பின் கணக்கைத் திருத்த வைப்பது. 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி உங்கள் லேப்டாப்பில் இருந்தால் முதலில் அதை அணைத்துவிடுங்கள். அது ஓடுவது தெரியாமல் "பேட்டரி 80-க்கு மேல் ஏறவில்லை" என்று என்னிடம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் நிறையப் பேர். 100 வந்த பிறகும் இரண்டு மணி நேரம் சார்ஜரிலேயே விடுங்கள். பிறகு சார்ஜரைக் கழற்றிவிட்டு பயாஸ் திரையை (விண்டோஸ் ஏறுவதற்கு முன்னால் வரும் லேப்டாப்பின் அமைப்புத் திரை) திறந்து வைத்து, தானாக அணையும் வரை விடுங்கள். விண்டோஸில் இருந்தால் 5 சதவீதம் வாக்கில் அதுவே தூங்கப் போய்விடும், டேங்க் முழுசாக வற்றாது. பயாஸில் இருந்தால் உங்கள் ஃபைல் எதுவும் கெடாது என்பது இன்னொரு வசதி. அணைந்த பிறகு நான்கைந்து மணி நேரம் சும்மா கிடக்கட்டும். பிறகு ஆன் செய்யாமலே ஒரே மூச்சில் 100 வரை ஏற்றுங்கள். நடுவில் கரண்ட் போகாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இதை இரண்டு முறை செய்தால் போதும். திங்க்பேட் வைத்திருப்பவர்களுக்கு லெனோவோ வான்டேஜிலேயே பேட்டரி கேஜ் ரீசெட் என்று ஒரு பொத்தான் இருக்கிறது, இந்தப் பாடெல்லாம் வேண்டாம்.

மாசாமாசம் இதைச் செய்யச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள், முழுக்க வற்ற விடுவது செல்லுக்கு நல்லதல்ல.

இன்னொன்று. கேலிப்ரேஷனால் பேட்டரிக்கு உயிர் கூடாது. எண்ணுகிற ஆளைத் திருத்தினால் டேங்க் பெரிசாகிவிடுமா? அது ஒரு சோதனை மட்டும்தான். இரண்டு சுற்று முடிந்ததும் மறுபடி ரிப்போர்ட் எடுங்கள். சதவீதம் சீராக இறங்கி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டியும் டிசைனுக்குக் கிட்டத்தில் நின்றால் பிரச்சினை முடிந்தது. சதவீதம் சீராக இறங்குகிறது, ஆனால் 45 வாட் ஹவர் என்று லேபிள் ஒட்டிய பேட்டரி இப்போது 26-தான் என்று காட்டுகிறது என்றால், மீட்டர் சரியாகிவிட்டது, சரக்குதான் மட்டம்.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை தருவது அந்த 7. அணைந்து எழுந்ததும் 40-இலிருந்து 7-க்கு இறங்கியதே, அது சிப் "ஐயோ, டேங்க் வற்றிவிட்டது" என்று தன் தப்பைப் பிடித்த இடம். அந்தச் சிப்புக்குக் கற்றுக்கொள்ளத் தெரிகிறது. சில மலிவுச் சரக்கில் அதுகூடக் கிடையாது. எனக்கே நடந்திருக்கிறது. ஒரு கடையில் வாங்கிப் போட்ட பேட்டரி, ஐந்து மாதம் கழித்தும் டிசைன் 47,520 மில்லிவாட் ஹவர் (அதாவது 47.5 வாட் ஹவர்), ஃபுல் சார்ஜும் 47,520, சைக்கிள் கவுன்ட் பூஜ்ஜியம். கடைசி இலக்கம் வரை மாறவில்லை. தினமும் உழைத்த பேட்டரிக்கு இப்படி வரவே வராது, யாரோ எழுதிக் கொடுத்ததை அது ஒப்பித்துக்கொண்டிருந்தது. 10 வாட் பக்கம் இழுக்கிற அந்த லேப்டாப்பை வைத்துக் கடிகாரத்தில் நேரம் பார்த்தேன். ஒரு மணி 50 நிமிஷம். அதாவது உள்ளே இருந்தது 18 வாட் ஹவர் சொச்சம். 47 எங்கே, 18 எங்கே! சிப் என்ன சொன்னாலும் கடிகாரம் பொய் சொல்லாது.

இரண்டு சுற்றுக்குப் பிறகும் நடுவழியில் அணைந்தால் செல்லைச் சந்தேகப்படுங்கள். 11.1 வோல்ட் என்று எழுதியிருந்தால் உள்ளே மூன்று செல் வரிசையாகக் கோத்திருக்கிறது. அதில் ஒன்று சொத்தையாக இருந்தால் போதும், அது கீழே விழுந்ததும் பாதுகாப்புச் சர்க்கியூட் மொத்தத்தையும் வெட்டிவிடும், மற்ற இரண்டில் சார்ஜ் மிச்சம் இருந்தாலும். இதற்கு ஒரு அடையாளம் இருக்கிறது. வீடியோ எடிட் செய்யும்போது 45-இல் அணைகிறது, சும்மா டைப் செய்தால் 20 வரை ஓடுகிறது என்றால் பெரும்பாலும் சொத்தைச் செல்தான். எப்போதும் ஒரே எண் பக்கத்தில் அணைந்தால் பெரும்பாலும் சிப்பின் கணக்குக் கோளாறு.

இதெல்லாம் தொடங்குவதற்கு முன்னால் லேப்டாப்பைச் சமமான மேஜையில் வைத்துப் பாருங்கள். டச்பேட் எழும்பியிருந்தாலோ, அடிப்பக்கம் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். அப்படியானால் சோதனை எதுவும் வேண்டாம், சார்ஜும் ஏற்றாதீர்கள். உடனே கழற்றச் செய்யுங்கள். குப்பைத் தொட்டியில் போடாமல் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

உப்பவில்லை, ஆனால் சோதனையில் பேட்டரிதான் மட்டம் என்று தெரிந்தால், முதலில் எடுத்த ரிப்போர்ட்டையும் கடைசியில் எடுத்ததையும் பிரின்ட் போட்டு, பில்லோடு சேர்த்துக் கடைக்குக் கொண்டுபோங்கள். ஒரு மாசம்தானே ஆகிறது, வாரண்டி இருக்கும். "விண்டோஸை மாற்றிப் போடு" என்று மறுபடி ஆரம்பித்தால், பயாஸில் வைத்தே அணைந்தது, அங்கே விண்டோஸே இல்லையே அண்ணே என்று கேளுங்கள். வார நாளில் காலை 11 மணி வாக்கில் போங்கள் தம்பி, சனிக்கிழமை சாயங்காலம் அந்தத் தெருவில் நின்று பேசக்கூட இடம் கிடைக்காது.