சொன்னவர் பெயர் தெரியாத கதைகள்

அவைத்தலைவர் அவர்களே, ஆசிரியர்களே, மாணவர்களே,

புனைகதை சமூகத்தைக் காட்டும் கண்ணாடி என்று மேடைதோறும் சொல்லிவிட்டுப் போகிறோம். நம் ஊரின் இலக்கிய வரலாறு அதற்கு மேலும் ஒன்றைச் சொல்கிறது. திருகோணமலையில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் நூலகராக இருந்த த. சரவணமுத்துப்பிள்ளை, 1892இல் ‘தத்தைவிடு தூது’ என்ற நூலில், தூது என்னும் பழைய சிற்றிலக்கிய வடிவத்துக்குள் பெண் விடுதலையைப் பேசினார். தலைவி கிளியைத் தூது விடுவது வாசகருக்குப் பழகிய ஏற்பாடு, அந்தப் பழக்கமே புதிய கருத்துக்கு வழிவிட்டது. உடன்படாதவருக்கும் யாரோடு வாதாட வேண்டும் என்பது தெரிந்திருந்தது, ஏனெனில் நூலின் மேல் ஆசிரியர் பெயர் இருந்தது.

2018 பெப்ரவரியில், அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் சாப்பாட்டில் கருத்தடை மருந்து கலந்திருப்பதாகப் பரவிய கதைக்கு அப்படியொரு ஆசிரியர் இல்லை. அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் பரிசோதித்தபோது அது வெறும் மாவுக்கட்டி என்று தெரிந்தது. அதற்குள் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டிருந்தன. அடுத்த மாதம் கண்டி மாவட்டத்தில் கலவரம் மூண்டபோது அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் சில நாட்கள் முடக்கியது. முகநூல் நிறுவனம் தன் பங்குக்கு வருத்தம் தெரிவித்ததோ 2020இல்தான். அந்தக் கதையை நம்பவைத்த அச்சம், பல ஆண்டுப் பேச்சால், முன்னரே நாட்டில் ஊறியிருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆயினும், கோபத்தோடு பகிரப்படுவதை மேலும் பலருக்குக் காட்டும்படி அமைந்த பொறிமுறை, தேநீர்க்கடையோடு நின்றுபோகக்கூடிய வதந்தியை மாவட்டம் கடந்து கொண்டுசென்றது. அதன் விளைவுக்குப் பெயர்சொல்லிப் பொறுப்பேற்க எவரும் இருக்கவில்லை. மூன்று இனத்தவரும் ஒரே சந்தையில் வாங்கி விற்கும் திருகோணமலைக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

கணினி விளையாட்டும் ஒரு கதைதான், ஆனால் அதில் கதை கேட்பவரே செய்பவராகிறார். துப்பாக்கி விளையாட்டு ஆடும் பிள்ளை வன்முறையாளனாகிவிடுவான் என்ற பெற்றோரின் பயத்தை நான் முழுதாக ஏற்பதில்லை. ஆய்வாளர்களே அதில் ஒருமித்தவர்கள் அல்லர். அவற்றில் போர் பெரும்பாலும் சுடுபவனின் கண்ணால் மட்டும் தெரிகிறது என்பதே என் கவலை. போலந்து நிறுவனம் ஒன்று 2014இல் வெளியிட்ட ‘திஸ் வோர் ஒஃப் மைன்’ இதை மாற்றியது. 1990களின் பொஸ்னியப் போரில் சரயேவோ நகரம் முற்றுகையிடப்பட்டபோது மக்கள் பட்ட அனுபவங்களைத் தழுவிய அந்த விளையாட்டில் ஆடுபவர்கள், இடிந்த வீட்டுக்குள் உணவும் மருந்தும் தேடும் பொதுமக்கள். முதிய தம்பதியரிடம் திருடுவதா, தம்மவர் பசியால் வாடுவதைப் பார்ப்பதா என்று அவர்களே முடிவெடுக்க வேண்டும்.

2006 ஓகஸ்டில் போரால் நம் மாவட்டத்து மூதூரிலிருந்து கந்தளாய் நோக்கி இடம்பெயர்ந்த குடும்பங்களும் இத்தகைய முடிவுகளை எடுத்தவையே: எதைத் தூக்குவது, நடக்க முடியாத வயோதிபரை எப்படிக் கொண்டுபோவது, எந்தப் பாதையை நம்புவது. இவற்றை வைத்துத் தமிழிலும் சிங்களத்திலும் ஆடக்கூடிய விளையாட்டொன்றை உருவாக்கும் திறமை இங்கே தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளிடம் உண்டு. அந்தப் பாதையில் நடந்தவர்களிடம் அனுமதி கேட்டு, அவர்களுடைய வாய்மொழியைப் பதிவுசெய்வதிலிருந்து அந்த வேலை தொடங்கலாம்.