காட்பாடியிலிருந்து குடியாத்தத்துக்கு ஒரு கால்: செல்போன் கம்பெனிகளின் சண்டையில் நமக்குக் கிடைத்தது என்ன?

[காட்சி: காலை நேரம், வேலூர் காந்தி ரோடு. லாட்ஜ் போர்டுகள், ரீசார்ஜ் கடைகள்.]

வணக்கம். சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கம் காந்தி ரோட்டில் நடந்தால் தமிழுக்குச் சமமாக வங்காளமும் காதில் விழும். கொல்கத்தா, அசாம் என்று தூரத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்தவர்கள், டாக்டர் என்ன சொன்னார் என்று ஊருக்கு வீடியோ காலில் விவரமாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். யாரும் நிமிஷக் கணக்கு பார்ப்பதில்லை. கம்பெனிகள் ஒன்றோடொன்று மோதியதால்தான் இந்த வசதி வந்தது.

[காட்சி: 1995 என்ற எழுத்து, பழைய செங்கல் சைஸ் போன்.]

இந்தியாவின் முதல் செல்போன் கால், 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து போனது. முதல்வர் ஜோதி பாசு, டெல்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அப்போது நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரை ஆனது. வருகிற காலுக்கும் காசு. ஒரு வட்டாரத்துக்கு இரண்டு தனியார் கம்பெனிக்குத்தான் லைசென்ஸ். சந்தையில் இரண்டே பேர் கடை போட்டால் விலை எங்கே இறங்கும்? 2000 மார்ச்சில்கூட நாடு முழுக்க 20 லட்சம் செல்போன் இணைப்புகள் இல்லை.

போட்டிக்கு ஆள் சேர்ந்ததும் நிலைமை மாறியது. 1999-ல் தமிழ்நாட்டில் ஏர்செல் வந்தது. 2002 அக்டோபரில் பி.எஸ்.என்.எல்., டிசம்பரில் ரிலையன்ஸ். 2003-ல் இன்கமிங் இலவசம். அதே வருஷம், 501 ரூபாய் கட்டினால் கையில் போன் என்றது ரிலையன்ஸ். 2009-ல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்று சொன்னதும் மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். வெளியூர் போனால் இன்கமிங்குக்கு ரோமிங் காசு பிடித்ததே, அதை 2015 ஜூனில் நிறுத்தியது பி.எஸ்.என்.எல். இதற்கு அந்த நிறுவனத்தை இன்னும் பாராட்டலாம்.

[காட்சி: இரண்டு டவர்கள், நடுவில் ஒரு கோடு.]

பெரிய சண்டை 2016-ல் நடந்தது. அது புரிய ஒரு விஷயம் தெரிய வேண்டும். காட்பாடியில் ஜியோ வைத்திருப்பவர், குடியாத்தத்தில் ஏர்டெல் வைத்திருக்கும் அக்காவைக் கூப்பிடுகிறார். இரண்டு நெட்வொர்க்கும் சந்திக்கும் இணைப்பு முனை வழியாகத்தான் அந்தக் கால் போக முடியும். அக்காவின் கம்பெனிக்கு ஜியோ நிமிஷத்துக்கு 14 பைசா தர வேண்டும். புதிதாக வந்த கம்பெனிக்கு, பெரும்பாலான கால்கள் வெளி நெட்வொர்க்குக்குத்தானே போகும்?

செப்டம்பர் 5-ல் ஜியோ இலவசமாகத் தொடங்கியதும் கால்கள் குவிந்தன. போதுமான இணைப்பு முனைகளைப் பழைய கம்பெனிகள் தரவில்லை, கோடிக்கணக்கான கால்கள் தோற்கின்றன என்றது ஜியோ. இலவசக் கால்களை அள்ளி எங்கள் தலையில் கொட்டுகிறீர்கள் என்றார்கள் அவர்கள். ஏர்டெல், வோடபோன், ஐடியா மூன்றுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் போடலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. அந்த 14 பைசா 2017 அக்டோபரில் 6 பைசாவானது, 2021 ஜனவரியில் பூஜ்யமானது. இரண்டு பக்கமும் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் புதிதாக வருபவருக்குக் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, சண்டையில் விழுந்தவர்கள்? 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஏர்செல் சிக்னல் திடீரென்று போனது. டவர் கம்பெனிகளுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கிதான் பிரச்சினை. பேங்க், கேஸ், ஆதார் எல்லாவற்றையும் அந்த நம்பரில் இணைத்திருந்தவர்கள் ஓ.டி.பி. வராமல் தவித்தார்கள். அதே நம்பரோடு வேறு கம்பெனிக்கு மாறலாம் என்றால் அதற்கும் மெசேஜ் போக வேண்டுமே! கம்பெனி திவால் மனு போட்டது. அதே வருஷம் ஆகஸ்ட்டில் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின.

[காட்சி: மூன்று லோகோக்கள், ஓரமாக பி.எஸ்.என்.எல்.]

இப்போது தனியாரில் மிஞ்சியது மூன்று. 2024 ஜூலையில் மூன்றும் அடுத்தடுத்து விலையைக் கூட்டின. பி.எஸ்.என்.எல். கூட்டவில்லை, பலர் அங்கே மாறினார்கள். அரசு நிறுவனம் ஒன்று உயிரோடு இருப்பது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

இந்த ஏற்றம் அணைக்கட்டுப் பக்கம் பட்டன் போன் வைத்திருக்கும் ஒரு பாட்டிக்குத்தான் அதிகம் வலிக்கும். தொடவே தொடாத டேட்டாவுக்கும் சேர்த்து அவர் காசு கட்டிக்கொண்டிருந்தார். அதனால்தான் 2024 டிசம்பரில் டிராய் ஒரு விதி கொண்டுவந்தது: காலும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள பேக் ஒன்றை எல்லாக் கம்பெனியும் தர வேண்டும். ரீசார்ஜ் கடைக்காரர் தானாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

இப்போதைய கம்பெனியே வேண்டாம், நம்பர் மட்டும் அதேதான் வேண்டும் என்றால், ஆங்கிலத்தில் 'PORT' என்று டைப் செய்து, ஒரு இடம் விட்டு உங்கள் நம்பரைப் போட்டு 1900-க்கு மெசேஜ் அனுப்புங்கள். பதில் மெசேஜில் ஒரு 'கோட்' (code) வரும். அது காலாவதியாவதற்குள் ஆதாரோடு புதுக் கம்பெனியின் கடைக்குப் போனால் போதும். இப்போதைய கம்பெனியில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும், பழைய பில் பாக்கி இருக்கக் கூடாது.