வெயில் நாட்டின் குளிர்ந்த கோப்பைகள்: ஸ்பெயினின் கோடை ஒயின்கள்

[காட்சி: செவீயா நகரத் தெரு. உச்சி வெயில். மூடிக் கிடக்கும் சன்னல்கள்.]

ஆகஸ்ட் மாதம், தெற்கு ஸ்பெயினில் செவீயா நகரம். வெயில் 40 டிகிரி. ஸ்பெயின் ஒயின் என்றதும் பலருக்கு நினைவு வருவது ஓக் பீப்பாயில் வருடக்கணக்கில் கிடந்த ரியோஹா சிவப்பு ஒயின்தான். இந்த வெயிலில் அதைக் குடித்தால் நாக்கு இன்னும் வறளும். அப்படியானால் இங்கே கோடையில் என்ன குடிக்கிறார்கள், எதோடு சாப்பிடுகிறார்கள்? அதைத்தான் பார்க்கப்போகிறோம். மது உடல்நலத்துக்குக் கேடு என்ற வரி திரையின் ஓரத்தில் ஓடும், அதையும் படித்துவிடுங்கள்.

ஒயினைக் குளிர்ச்சியாக உணர வைப்பது ஃப்ரிட்ஜ் மட்டும் அல்ல, புளிப்பும்தான். புளிப்பு இருந்தால் வாயில் நீர் ஊறும், எண்ணெய்ப் பிசுக்கு விலகும். ஆனால் வெயில் ஏற ஏற திராட்சையில் சர்க்கரை கூடிப் புளிப்பு குறைந்துவிடும். அதனால் புளிப்பு எங்கே தப்பிப் பிழைக்கிறதோ, அங்கேதான் கோடை ஒயினைத் தேட வேண்டும்.

[காட்சி: மழை. கருங்கல் தூண்கள் மேல் திராட்சைப் பந்தல்.]

வடமேற்கு மூலையில் உள்ள கலீசியாவுக்குப் போவோம். ஸ்பெயின் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவ்வளவு பச்சை, அவ்வளவு மழை. அட்லாண்டிக் கடல் நிலத்துக்குள் விரல் விரலாக நுழைந்திருக்கும். அந்தக் கடற்கழிகளுக்கு அங்கே ரியாஸ் என்று பெயர். அந்தப் பெயரில்தான் ரியாஸ் பைஷாஸ் என்ற ஒயின் வட்டாரமும் இருக்கிறது. இங்கே விளையும் வெள்ளை ஒயின் திராட்சை அல்பரீன்யோ. ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, கம்பம் பள்ளத்தாக்கில் பார்ப்பதுபோலக் கொடியைப் பந்தலில் ஏற்றிவிடுவார்கள். அடியில் காற்று ஓடும். தூண்கள் மட்டும் அந்த மண்ணின் கருங்கல்.

1980இல் இந்த ஒயினுக்குத் திராட்சையின் பெயரிலேயே அங்கீகாரம் கிடைத்தது. ஐரோப்பிய விதிப்படி திராட்சையின் பெயரை வட்டாரப் பெயராக வைக்க முடியாது என்பதால், 1988இல் ரியாஸ் பைஷாஸ் ஆனது. கம்பாடோஸ் என்ற சிற்றூரில் 1953 முதல் ஆகஸ்ட் தொடக்கத்தில் அல்பரீன்யோ திருவிழா நடக்கிறது.

எலுமிச்சை, பீச் வாசனை, கடைசியில் லேசான உப்புக் கரிப்பு. பக்கத்துத் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று அந்தக் கடலே சொல்லிவிடும்: சிப்பி, மட்டி, நண்டு. அப்புறம் ஆக்டோபஸ். அதை வேகவைத்துக் கத்தரிக்கோலால் துண்டாக்கி, ஆலிவ் எண்ணெய், கல் உப்பு, சிவப்புப் பாப்ரிகா தூள் தூவி மரத்தட்டில் தருவார்கள். ஒரு வாய் ஆக்டோபஸ், ஒரு மிடறு அல்பரீன்யோ. எண்ணெய் இருந்த இடம் தெரியாது.

அதே வடக்குக் கரையில் கிழக்கே நகர்ந்தால், ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் சக்கோலி என்ற ஒயின். ஆல்கஹால் குறைவு, 11 சதவீதத்தை ஒட்டி இருக்கும். நாக்கில் லேசாகச் சுறுசுறுக்கும். பாட்டிலை உயரத் தூக்கி, டீ மாஸ்டர் ஆற்றுவதுபோல ஊற்றுவார்கள். கூடவே ஒரு குச்சியில் நெத்திலி, ஆலிவ், ஊறுகாய் மிளகாய் கோத்த கில்தா. போதும்.

[காட்சி: இரவு. விளக்கு எரியும் அறுவடை இயந்திரம்.]

கடல் இல்லாத இடத்தில் என்ன செய்வது? உயரம் கைகொடுக்கும். ருயேதா சமவெளி கடல் மட்டத்திலிருந்து 700, 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் வெயில் கொளுத்தினாலும் ராத்திரி போர்வை தேடவைக்கும். அந்தக் குளிரில் புளிப்பு வீணாகாமல் நிற்கும். அங்கே விளையும் வெர்தெஹோ திராட்சை காற்றுப் பட்டால் சீக்கிரம் கறுத்துப்போகும் சாதி என்பதால், பெரும்பாலும் இரவில் பறிக்கிறார்கள். சோம்பு வாசனையும் இலேசான கசப்பும் உள்ள ஒயின். பச்சைக் காய்கறி, ஆட்டுப்பால் சீஸ் இரண்டுக்கும் நன்றாகப் பொருந்தும்.

[காட்சி: வெண்சுவர்க் கிடங்கு. கறுப்புப் பீப்பாய்கள். கடல் காற்று.]

இனி என் மனதுக்கு மிகவும் பிடித்த ஒன்று. குவாதல்கிவிர் ஆறு கடலில் கலக்கும் சான்லூகர் தெ பர்ரமேதா. 1519இல் மகெல்லனின் கப்பல்கள், உலகைச் சுற்றியதாக முடிந்த அந்தப் பயணத்துக்குக் கடலுக்குள் இறங்கியது இங்கிருந்துதான். இந்த ஊரின் ஒயின் மன்சனீயா. என் புளிப்புக் கணக்கு இங்கே பொய்த்துவிடும்! பலோமீனோ திராட்சையில் புளிப்பு குறைவுதான். பிறகு எப்படிக் குளிர்ச்சி?

ஒயினில் ஆல்கஹாலைச் சுமார் 15 சதவீதத்துக்கு உயர்த்தி, பீப்பாயை முழுதாக நிரப்பாமல் இடம் விட்டு வைப்பார்கள். மேலே ஈஸ்ட் ஒரு வெள்ளை ஆடைபோலப் படரும். அதற்குப் பெயர் ஃப்ளோர், அதாவது பூ. அந்த ஆடை காற்றைத் தடுக்கும். ஒயினுக்குக் கொழகொழப்பைத் தரும் கிளிசராலையும் தின்றுவிடும். மிஞ்சுவது எலும்பு மாதிரி உலர்ந்த, அதாவது இனிப்பே இல்லாத, பாதாமும் மாவும் மணக்கும் ஒயின். கொழகொழப்பு போனதால் நாக்கில் லேசாக இறங்கும், குளிர்ச்சி அங்கிருந்துதான். கடல் காற்றின் ஈரத்தால் சான்லூகரில் அந்த ஆடை வருடம் முழுக்கத் தடிமனாக இருக்கும். பக்கத்து ஹெரெஸ் நகரில் இதே முறையில் செய்தால் அது ஃபீனோ. மன்சனீயா என்ற பெயர் சான்லூகரில் முதிர்ந்ததற்கு மட்டும்தான்.

இதோடு தோர்தியீத்தாஸ் தெ கமரோனெஸ் சாப்பிட வேண்டும். பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பொடி இறாலைக் கடலை மாவும் கோதுமை மாவும் கலந்த கரைசலில் போட்டு, மெல்லிசாக, மொறுமொறுவென்று பொரிப்பதுதான். பஜ்ஜிக்கு உறவுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வினிகர் சேர்த்த குளிர் தக்காளி சூப்பான கஸ்பாச்சோ பல ஒயின்களைச் சாய்த்துவிடும், மன்சனீயா அசையாது. திறந்த பாட்டிலை அலமாரியில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்துச் சில நாட்களில் முடித்துவிடுங்கள். 15 சதவீதம் என்பதால் கோப்பையும் சின்னதாக இருக்கட்டும்.

[காட்சி: வாளியில் பாட்டில்.]

குளிர வைப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. வெறும் ஐஸில் பாட்டிலைச் சொருகினால் நேரமாகும். ஐஸோடு தண்ணீரும் ஒரு கை உப்பும் போடுங்கள், சீக்கிரம் குளிரும். மன்சனீயா 7 டிகிரி வாக்கில் இருக்கலாம். அல்பரீன்யோவை 8 முதல் 10க்குள் வையுங்கள். அதற்கும் கீழே போனால் வாசனை உறங்கிவிடும்.

சரி, சிவப்பு ஒயினே வேண்டும் என்பவர்களுக்கு? செவீயாக்காரர்களிடம் பதில் இருக்கிறது: தின்தோ தெ வெரானோ, அதாவது கோடைச் சிவப்பு. சங்ரியா மாதிரி பழத்தை ஊறவைக்கும் வேலை எதுவும் இல்லை. உயரமான கிளாஸ், நிறைய ஐஸ், பாதி சிவப்பு ஒயின், பாதி எலுமிச்சை சோடா, மேலே ஒரு எலுமிச்சைத் துண்டு. ஒயின் இளசாகவும் மலிவாகவும் இருக்கட்டும். பத்து வருட ரியோஹாவை இதற்குத் திறந்தீர்கள் என்று கேள்விப்பட்டால் நான் தேடி வந்து சண்டை போடுவேன்.

[காட்சி: கிளாஸில் ஐஸ் விழும் சத்தம். திரை அணைகிறது.]