நோ பால்!

அனைவருக்கும் வணக்கம்.

2019 ஜூன் 10, திங்கட்கிழமை. கன்னட நாடகாசிரியர் கிரீஷ் கர்னாட் மறைந்துவிட்டார் என்று பெங்களூரிலிருந்து செய்தி வந்த நாள். நாடகம் பார்த்து வளர்ந்தவர்கள் அதையே பேசிக்கொண்டிருந்தோம். பகல் கழிவதற்குள் சென்னையிலிருந்து அடுத்த இடி. நாடகமும் சினிமா வசனமும் எழுதி நம்மைச் சிரிக்கவைத்த கிரேஸி மோகன் போய்விட்டார். மாரடைப்பு. வயது 66.

என் மாமா போன் பண்ணினார். "நம்ம மோகன் போயிட்டாரேடா" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. மாமா மோகனோடு ஒரு வார்த்தை பேசியவர் இல்லை. சபாவில் பத்தாவது வரிசையிலிருந்து பார்த்ததோடு சரி. ஆனால் வாயில் வந்தது "நம்ம மோகன்." எழுதிப் பிழைத்த ஒருவரை இத்தனை வீடுகளில் சொந்தக்காரரைப் போல அழுது வழியனுப்பினார்களே, அது எப்படி? இன்று உங்களோடு அதைத்தான் பேச நினைக்கிறேன்.

அவர் வரலாறு உங்களுக்குத் தெரியும். கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல். 1972-ல் கல்லூரிப் போட்டிக்கு ஒரு நாடகம் எழுதினார், பரிசு கொடுக்க வந்தவர் கமல்ஹாசன். 1976-ல் எஸ்.வி. சேகருக்காக எழுதிய 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்', மோகனோடு 'கிரேஸி'யை ஒட்டவைத்தது. சுந்தரம் கிளேட்டன் கம்பெனியில் வேலை. 1979-ல் சொந்தக் குழு. பிறகு வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்து.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது மந்தைவெளி வீடு. கூட்டுக்குடும்பம். சினிமாவில் அவ்வளவு பெயர் வந்த பிறகும் அவர் தனிக்குடித்தனம் தேடிப் போகவில்லை. அண்ணன் எழுதினார், தம்பி பாலாஜி கதாநாயகன் 'மாது'வாக நடித்தார். நாற்பது வருஷம் ஒரே குழு. ஒரு சொத்துப் பத்திரத்துக்கே அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் போகிற ஊரில் இது சாதாரண விஷயமா? எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

கூட்டுக்குடும்பத்தில் இருந்தவர்களுக்கு ஒன்று தெரியும். அங்கே யாரும் யார் பேச்சையும் முழுசாகக் கேட்பதில்லை. அடுக்களையில் ஒரு கேள்வி பிறக்கும், வேறு எதையோ நினைத்துக்கொண்டு கூடத்திலிருந்து ஒருவர் பதில் சொல்வார். எங்கள் வீட்டில் நடந்தது. மாமா ரேடியோவில் காதை வைத்துக் கிரிக்கெட் கமென்ட்ரி கேட்டுக்கொண்டிருக்கிறார். பாட்டி உள்ளேயிருந்து, "ஏண்டா, பால் வந்துதா?" என்கிறாள். மாமா தலையைத் திருப்பாமல், "நோ பால்!" என்கிறார். பாட்டி பதறிப்போய் அடுத்த வீட்டில் கடன் கேட்கச் சொம்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும் சொம்போடு உட்கார்ந்து சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

மோகனின் நாடகம் முழுக்க இந்தக் கூடம்தான். ஒருவர் ஒரு சொல்லை வீசுவார், அடுத்தவர் அதை வேறு அர்த்தத்தில் பிடித்துக்கொள்வார், மூன்றாமவர் அதற்கும் பதில் சொல்வார். ஒரு சிரிப்பு அடங்குமுன் அடுத்தது வந்துவிடும். பாதி வசனம் கைத்தட்டலில் மூழ்கிவிடும், அதைக் கேட்க மறுபடி டிக்கெட் வாங்க வேண்டும். 'மைக்கேல் மதன காமராஜ'னில் கல்யாணச் சாம்பாரில் மீன் விழுகிறதே, அங்கே நாம் அப்படிச் சிரிப்பது ஏன்? கல்யாண வீட்டுச் சமையற்கட்டின் பயம் என்னவென்று நமக்கும் தெரியும், எழுதியவருக்கும் தெரியும்.

'வெறும் வார்த்தை விளையாட்டு' என்று அவரைச் சிலர் ஒதுக்கினார்கள். எனக்கு அதில் கடுகளவும் சம்மதமில்லை. பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பாவில் சிலேடை பாடிய காளமேகத்தை நாம் புலவர் என்கிறோம். மோகனுக்கும் அந்த வழியில் பாத்தியதை உண்டு. அவர் வெண்பா எழுதியவர். ஓவியர் கேசவ் நாள்தோறும் ஒரு கிருஷ்ணரை வரைய, மோகன் அதற்கு வெண்பா எழுதுவார். வெண்பாவில் கடைசி அடிக்கு மூன்றே சீர். முடிகிற சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாட்டுக்குள் நிற்க வேண்டும். ஒரு அசை கூடினாலும் இடறும். அவருடைய வசனத்தை எடுத்துப் பாருங்கள். அர்த்தத்தைத் திருப்பிப் போடுகிற சொல் கடைசியில் வந்து நிற்கும். அதற்குப் பின்னால் ஒரு வார்த்தை சேர்த்தால் சிரிப்பு செத்துவிடும். அவர் வெற்றிலை போட்டுக்கொண்டு அநாயாசமாகப் பேசுவதைப் பார்த்தவர்கள் எல்லாம் தானாக வருகிறது என்று நினைத்தார்கள். அதற்குப் பின்னால் இருந்தது யாப்புப் பழக்கம்.

அப்பா, பிள்ளை, பாட்டி, பேத்தி எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, யாரும் நெளியாமல் சிரிக்கிற மாதிரி எழுதினார். அது எவ்வளவு அருமையான காரியம் என்பது, குடும்பத்தோடு எதைப் பார்ப்பது என்று இன்று தவிக்கிறவர்களுக்குப் புரியும்.

அவர் போன பிறகு தம்பி பாலாஜி நாடகத்தை நிறுத்தவில்லை. நான் மாமாவை அழைத்துக்கொண்டு போனேன். மாமா வர மறுத்தார். "அவர் இல்லாம எப்படிடா பார்க்கறது?" என்றார். வற்புறுத்தித்தான் கூட்டிப்போனேன். திரை விலகியது. கொஞ்ச நேரத்தில் மாது, "ஜானகி!" என்று கூப்பிட்டார்.

மோகன் நாடகங்களில் கதாநாயகிக்கு எப்போதும் ஜானகி என்றுதான் பெயர். பள்ளிக்கூடத்தில் அவரை ஊக்கப்படுத்திய டீச்சரின் பெயர் அது. கடைசிவரை அந்தப் பெயரை அவர் விடவே இல்லை.

இருட்டில் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வசனத்தை மேடையில் சொல்வதற்கு முன்பே அவர் வாய் முணுமுணுத்தது. மேடையில் அது வந்தபோது சபாவோடு சேர்ந்து சிரித்தார், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

வணக்கம்.