ஐந்தில் ஒரு பங்கு ஊசி

நேயர்களுக்கு வணக்கம். கொள்ளைநோய்க் கணக்கு பற்றிப் பேசச் சொன்னார்கள். சூத்திரங்களை வாசித்தால் ரேடியோவை அணைத்துவிடுவீர்கள், அதனால் 2016-இல் காங்கோவின் கின்ஷாசாவில் நடந்ததைச் சொல்கிறேன்.

பக்கத்து நாடான அங்கோலாவில் 2015 டிசம்பரில் மஞ்சள் காய்ச்சல் கிளம்பியது. பரப்புவது நமக்குப் பழக்கமான, டெங்குவைக் கொண்டுவரும் அதே ஏடிஸ் கொசு. அவசரத்துக்கென்று உலகம் வைத்திருந்த கையிருப்பே 60 லட்சம் டோஸ்தான், அது அங்கோலாவிலேயே கரைந்துபோனது. இந்தத் தடுப்பூசியைக் கோழி முட்டைக் கருவில் வளர்த்துத்தான் தயாரிக்க வேண்டும், அவசரம் என்று சொன்னால் முட்டை கேட்காது. இதற்குள் நோய் காங்கோவுக்குள் போய்விட்டது, ஒரு கோடிப் பேர் நெருக்கியடித்து வாழும் கின்ஷாசாவிலோ மழைக்காலம் தொடங்க இன்னும் சில வாரங்கள்தான்.

வழக்கமான அளவு அரை மில்லி. 0.1 மில்லி போட்டால் என்ன என்ற யோசனை வந்தது. "அரைகுறை ஊசியா?" என்று யாருக்கும் கேட்கத் தோன்றும், நியாயமான கேள்விதான். கணக்குப் போடுகிறவர் அந்தக் கேள்வியைத் திருப்பிப் போடுகிறார்: இது எவ்வளவு மோசமாக வேலை செய்தால் நமக்கு நஷ்டம்? 10 லட்சம் டோஸ் இருக்கிறது, முழுதாகப் போட்டால் 10 லட்சம் பேருக்குப் பாதுகாப்பு. ஐந்தாகப் பிரித்தால் 50 லட்சம் பேருக்குப் போடலாம், அதில் பாதிப் பேருக்கு மட்டுமே பலித்தாலும் 25 லட்சம். பலிப்பது 20 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் பிரித்தது நஷ்டம். பழைய பரிசோதனைகளோ அதைவிட எவ்வளவோ நல்ல பலனைக் காட்டியிருந்தன. கணித மாதிரி என்றதும் எத்தனை பேர் சாவார்கள் என்று ஜோசியம் கேட்கிறோம், எனக்கென்னவோ இப்படி எல்லைக்கோட்டைக் காட்டுவதுதான் அதன் உருப்படியான வேலை என்று தோன்றுகிறது.

ஆகஸ்டில் முகாம் நடந்தது. பத்துப் பேருக்கான குப்பியிலிருந்து ஐம்பது பேருக்கு எடுக்க வேண்டும், திறந்த குப்பியை ஆறு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது, அவ்வளவு சின்ன அளவுக்கு ஏற்ற சிரிஞ்சுகளையும் தேடிப் பிடிக்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மட்டும் முழு அளவு. சில நாட்களிலேயே 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் போட்டு முடித்தார்கள். ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் இல்லாத சிலரைப் பின்தொடர்ந்து ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, ஒரே மாதத்தில் 98 சதவீதம் பேருக்கு அது வந்திருந்தது.

ஒரு சங்கடமும் உண்டு. இந்தச் சின்ன ஊசியைப் போட்டுக்கொண்டவருக்கு வெளிநாட்டுப் பயணத்துக்கான தடுப்பூசிச் சான்றாகிய மஞ்சள் அட்டை கிடையாது. ஊருக்குள் இருக்க 0.1 மில்லி போதும், விமானம் ஏற அரை மில்லி வேண்டும்! சர்வதேச விதி அப்படி, சரி, ஆனாலும் கின்ஷாசாக்காரருக்கு அது எரிச்சலாகத்தானே இருந்திருக்கும்? தட்டுப்பாட்டுக்குப் போட்ட கணக்கில் பிழையில்லை. தட்டுப்பாடு ஏன் எப்போதும் அங்கேயே வருகிறது என்பது அந்தக் கணக்குக்குள் இல்லை. 2022 அக்டோபரில் காலரா தடுப்பூசி போதாமல், அவசர முகாம்களில் இரண்டு டோஸை ஒன்றாகக் குறைத்தபோதும் இதே கணக்கைத்தான் மறுபடி போட்டார்கள்.