வாய் முற்றினால் கை

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்திலும் பாதியை எடுத்துக்கொண்ட புலவர் பெருமக்களே, மின்விசிறி எட்டாத ஓரத்தில் பொறுமையாக அமர்ந்திருக்கும் செயலாளர் அவர்களே, வரவேற்புரையில் என் பெயரைப் பிழையில்லாமல் சொன்ன தம்பியே, அனைவருக்கும் வணக்கம்.

'கம் டு புளோஸ்' என்ற ஆங்கில மரபுத்தொடரைப் பற்றிப் பேசப் பணித்தீர்கள். சொல், வரலாறு, மனம் என மூன்று செய்திகள் சொல்வேன். 'கம்' என்றால் வா, 'புளோ' என்றால் அடி. பேச்சில் புறப்பட்டவர்கள் அடியில் வந்து சேர்ந்தார்கள் என்று ஆங்கிலேயன் அதைப் பயணமாகப் பார்க்கிறான். நாமோ 'வாக்குவாதம் முற்றிக் கைகலப்பானது' என்கிறோம். கதிர் முற்றுவதுபோலப் பேச்சு முற்றுகிறது. யார் கை முந்தியது என்பதைச் சொல்லாமலே கைகள் கலந்துவிடுகின்றன. ஒரு கை தட்டினால் ஓசை எழாது.

வரலாற்றுக்கு வருகிறேன். 1858 பிப்ரவரி 6, அதிகாலை 2 மணி இருக்கும். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் கான்சாஸ் அடிமை முறை பற்றிய விவாதம். பென்சில்வேனியாவின் கலூஷா குரோ எதிர்வரிசைப் பக்கம் போகிறார். 'உன் பக்கத்துக்குப் போ' என்கிறார் தென் கரோலினாவின் லாரன்ஸ் கீட். சொல்லுக்குச் சொல் ஏறுகிறது. கீட்டின் கை குரோவின் கழுத்துக்குப் போகிறது. முப்பது பேருக்கு மேல் பாய்ந்தார்கள். சபாநாயகர் சுத்தியலைத் தட்டித் தட்டிப் பார்த்தார், யார் கேட்டார்கள்? அந்த அமளியில் மிசிசிப்பியின் வில்லியம் பார்க்ஸ்டேலின் தலைமுடியை ஒருவர் பற்றி இழுக்க, முடி கையோடு வந்துவிட்டது. டோப்பா! அவர் அவசரத்தில் அதைப் பின்பக்கம் முன்னால் வர மாட்டிக்கொண்டார். இரு தரப்பும் சிரித்துவிட்டது. சண்டையும் அத்தோடு தீர்ந்தது. முன்வரிசையில் சிலர் தலையைத் தடவிப் பார்க்கிறீர்கள். நான் யாரையும் குறிப்பிடவில்லை.

இதை மாணவர் ஒருவர் 'உறுப்பினர்கள் அடிகளுக்கு வந்தார்கள்' என்று மொழிபெயர்த்துக் கொண்டுவந்தார். எனக்கே ஓர் அடி விழுந்ததுபோல் இருந்தது. 'அகராதியில் "சண்டையிடு" என்றுதான் இருக்கிறது ஐயா, "வந்தார்கள்" விட்டுப்போகிறதே' என்றார். நியாயம்தான். வாய் ஓய்ந்து கை எழும் அந்த நொடி அகராதிச் சொல்லில் இல்லை. வாய்த்தகராறு, தள்ளுமுள்ளு, கைகலப்பு, அடிதடி என்று படிப்படியாகச் சொல் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதி! மரபுத்தொடருக்கு மரபுத்தொடரே தரும் ஆங்கில - தமிழ் அகராதி வேண்டும் என்று ஏறிய மேடையெல்லாம் கேட்டுவருகிறேன். நான் மட்டும் கேட்டால் ஆகாது. ஒரு கை தட்டினால் ஓசை எழாது.

தலைவர் மணியில் கை வைத்துவிட்டார். மனத்தைப் பற்றிப் பேச நேரமில்லை. கோரிக்கை மனு வாசல் மேசையில் இருக்கிறது. பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன். போன கூட்டத்தில் வைத்த மூன்றும் வீடு திரும்பவில்லை.